மலைப்பாதையில் டிரைவருக்கு ஏன் வாந்தி வருவதில்லை? வேலையிட மன அழுத்தம்: ஓர் எளிய விளக்கம்

கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பஸ்ஸுக்குள் பேச்சு குறைந்துவிடும். ஒருவர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கியிருப்பார். பின் சீட்டில் ஒரு குழந்தையின் அம்மா அவசரமாகப் பிளாஸ்டிக் பையைத் தேடிக்கொண்டிருப்பார். எல்லாருக்கும் அதே வளைவு, அதே குலுக்கல், அதே டீசல் நாற்றம். டிரைவருக்கு மட்டும் ஒன்றும் ஆகாது.

பழக்கம்தான் காரணம் என்று தோன்றும். பழக்கமும் உண்டு. ஆனால் பஸ்ஸில் வாந்தி எடுக்கிற அதே ஆள், தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு அதே மலை ஏறினால் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிகிறது. திருப்புவதும் அவர் கைதான். உடம்பு அதற்கேற்பத் தயாராகிக்கொள்கிறது. பின்னால் இருப்பவருக்கு ஒவ்வொரு வளைவும் திடீரென்று வருகிறது.

வேலையிடத்து மன அழுத்தத்தைப் புரியவைக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. நான் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கால் சென்டரில் எட்டு வருடம் வேலை பார்த்தவள். முதல் நான்கு வருடம் போன் எடுத்தேன். அடுத்த நான்கு வருடம் போன் எடுப்பவர்களுக்கு டி.எல்., அதாவது டீம் லீடர். அந்த எட்டு வருடமும் ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல் காதில் விழாத நாளே கிடையாது. அது என்ன, எங்கிருந்து வருகிறது, ஏன் சிலரை மட்டும் படுக்கப் போடுகிறது என்று ஒருவரும் உட்கார்ந்து விளக்கியதில்லை. ‘டென்ஷன் ஆகாதீங்க’ என்பதுதான் கிடைத்த ஒரே வைத்தியம். அன்று எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

ஒரே சொல்லுக்குள் மூன்று விஷயங்கள்

தமிழில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். ‘மன அழுத்தம்’ என்று நாம் எழுதுவது சில இடங்களில் ஸ்ட்ரெஸ்ஸைக் குறிக்கிறது, சில இடங்களில் டிப்ரஷன் என்ற நோயைக் குறிக்கிறது. ஒரே செய்தியில் இரண்டுக்கும் அதே சொல் வருவதைக்கூடப் பார்த்திருக்கிறேன். ‘வேலை ரொம்ப அதிகம்’ என்பதையும் மூன்றாவதாக இதே பையில் போட்டுவிடுகிறோம். முதலில் மூன்றையும் பிரித்துக்கொள்வோம்.

வேலைச்சுமை என்பது செய்ய வேண்டிய வேலையின் அளவு. ஒரு நாளைக்கு எத்தனை போன், எத்தனை பில், எத்தனை சட்டை என்று எண்ணிவிடலாம்.

மன அழுத்தம் என்று இந்தக் கட்டுரையில் நான் சொல்வது ஸ்ட்ரெஸ்ஸை. ‘என்னிடம் கேட்கப்படுவது என்னால் சமாளிக்க முடிந்ததைத் தாண்டிப் போகிறது’ என்று மூளை கணக்குப் போடும்போது உடம்பும் மனமும் காட்டும் எதிர்வினை அது. நோய் கிடையாது, நோய்க்கு இட்டுச் செல்லக்கூடியது.

மனச்சோர்வு என்பது டிப்ரஷன். இது நோய். இரண்டு வாரத்துக்குக் குறையாமல், அனேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டுகிடப்பது, அல்லது பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது இதன் முக்கிய அடையாளம். லீவு போட்டாலும் விடாது. மருத்துவரிடம் போக வேண்டியது.

இந்த மூன்றையும் கலந்து பேசுவதால் நடக்கும் தீமை சின்னதில்லை. மனச்சோர்வில் இருப்பவரிடம் ‘ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வா, சரியாயிடும்’ என்கிறோம். மன அழுத்தத்தில் இருப்பவரிடம் ‘உனக்கு அப்படி என்ன பெரிய வேலை?’ என்று கேட்கிறோம். சுமை குறைவாக இருந்தும் அழுத்தம் கூடுதலாக இருக்க முடியும் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. அது எப்படி என்று பார்க்க, முதலில் உடம்புக்குள் போக வேண்டும்.

நாய் துரத்தும்போது உடம்பில் நடப்பது

இரவு பதினொரு மணி. வண்டியில் வீடு திரும்புகிறீர்கள். தெருமுனையில் ஒரு நாய் குரைத்துக்கொண்டு பாய்கிறது. நீங்கள் யோசிப்பதற்கு முன்பே கை ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிடுகிறது, கால்கள் தாமாக மேலே தூக்கிக்கொள்கின்றன. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்ந்திருக்கிறது, உள்ளங்கை ஈரமாக இருக்கிறது.

உள்ளே நடந்தது இரண்டு அலை. ஆபத்து என்று மூளை மணி அடித்ததும், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்ற சுரப்பை ரத்தத்தில் கலக்கின்றன. நொடிகளில் நடந்துவிடும். இதயம் வேகமெடுக்கிறது, ரத்தம் தசைகளுக்குப் பாய்கிறது, செரிமானம் நிறுத்திவைக்கப்படுகிறது. வாய் உலர்வது அதனால்தான். சில நிமிடங்கள் கழித்து இரண்டாவது அலை: அதே சுரப்பிகளிலிருந்து கார்ட்டிசால். இது சர்க்கரையை ரத்தத்தில் இறக்கி, ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ எரிபொருள் தருகிறது. உடம்பின் பராமரிப்பு வேலைகளை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிவைக்கிறது.

இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, நடந்ததை வீட்டில் சொல்லி முடித்து, கொஞ்ச நேரம் போனதும் எல்லாம் அடங்கிவிடும். இந்த அமைப்பு நமக்கு எதிரி கிடையாது. தினமும் விடிகாலையில் நம்மைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிடுவதும் கார்ட்டிசால்தான். எழுந்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் அது உச்சத்தில் இருக்கும், நள்ளிரவு வாக்கில் மிகக் குறைந்திருக்கும். பரீட்சைக்கு முந்தின நாள் புத்தி கூர்மையாவதும் இதனால்தான். ஆகவே ‘ஸ்ட்ரெஸ்ஸே இல்லாத வாழ்க்கை’ என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ஏறியது இறங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நாய் தினமும் நின்றால்

இப்போது வேறொரு இரவு. மணி 10:40. சாப்பிட்டு முடித்துப் படுக்கப்போகிறீர்கள். மேனேஜரிடமிருந்து வாட்ஸ்அப்: ‘நாளைக்குக் காலைல வந்ததும் என்னைப் பாருங்க.’ அவ்வளவுதான். எதற்கு என்று இல்லை. பதில் போட்டால் இரண்டு டிக் நீலமாகிறது, மறுமொழி வரவில்லை.

எனக்கு இது நடந்திருக்கிறது. அந்த மாதம் நான் எடுத்த ஒவ்வொரு எஸ்கலேஷன் காலையும், அதாவது மேலே பேச வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டு என்னிடம் வந்த போனையும், படுக்கையில் கிடந்தபடி ஓட்டிப் பார்த்தேன். வீட்டுக் கடனை நினைத்தேன். விடிகாலை மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது நினைவிருக்கிறது. மறுநாள் போய் நின்றபோது அவர் கேட்டது, பொங்கல் லீவு ரோஸ்டரை எப்போது கொடுப்பேன் என்று. அவர் கெட்டவர் இல்லை. ஐந்து சொல் கூடுதலாக எழுதியிருந்தால் ஓர் இரவு மிஞ்சியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

மூளைக்கு நாயும் அந்த வாட்ஸ்அப்பும் ஒன்றுதான். அதே மணி, அதே இரண்டு அலை. நாய் இரண்டு நிமிடத்தில் பின்தங்கிவிடும். வாட்ஸ்அப் காலைவரை துரத்தும். மறுநாள் டார்கெட் துரத்தும், அதற்கடுத்த நாள் ‘ஆள் குறைக்கப் போறாங்களாம்’ என்ற வதந்தி. இறங்க வேண்டிய கார்ட்டிசால் இறங்குவதே இல்லை.

நாள்பட இப்படி ஓடினால் உடம்பில் சேரும் சேதத்துக்கு அலோஸ்டேடிக் லோடு என்று அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் புரூஸ் மெக்ஈவனும் உளவியலாளர் எலியட் ஸ்டெல்லரும் 1993இல் பெயரிட்டார்கள். நமக்குத் ‘தேய்மானம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்கிறேன். நிறுத்தி எண்ணெய் விடாமல் ஓடும் விசைத்தறி எப்படித் தேயுமோ அப்படி. ரத்த அழுத்தம் மெல்ல ஏறுகிறது. ரத்தத்தில் சர்க்கரை நிற்கிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டதால் மறுநாள் சின்ன விஷயத்துக்கே மணி அடிக்கிறது, அதனால் மறுபடி தூக்கம் கெடுகிறது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஒரு கணக்கை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், ரத்தக்குழாய் அடைப்பால் வரும் இதயநோயில் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல். 2016ஆம் ஆண்டில் மட்டும் இப்படி நீண்ட நேர உழைப்போடு தொடர்புடைய சாவுகள் உலக அளவில் சுமார் 7,45,000. ‘இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும்’ என்று நாராயண மூர்த்தி 2023இல் சொன்னபோது நாடே விவாதித்தது. அந்த விவாதத்தில் இந்த 55 என்ற எண் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

இதுவரை வந்த இடம்: அழுத்தம் என்பது உடம்பின் தற்காப்பு. வந்துபோனால் நல்லது. இறங்க இடமில்லாமல் நின்றால் தேய்மானம். நேரக் கணக்கு அதில் பெரிய பங்கு வகிக்கிறது, ஆனால் முழுக் கதையும் அதுவாக இல்லை.

பரோட்டா மாஸ்டரும் நானும்

எங்கள் ஆபீசுக்கு எதிரே ஒரு பரோட்டா கடை. இரவு ஏழரையிலிருந்து பத்தரை வரை அந்த மாஸ்டருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கல்லில் ஒரே நேரத்தில் பதினைந்து பரோட்டா, பக்கத்தில் கொத்து, இன்னொரு பக்கம் ‘மாஸ்டர், ரெண்டு முட்டை வீச்சு’ என்று குரல். வேலைச்சுமை என்று பார்த்தால் என்னைவிடப் பல மடங்கு. ஆனாலும் மனுஷன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அடுக்கிய பரோட்டாக்களை இரண்டு கையாலும் தட்டுவார். எந்த ஆர்டரை முதலில் எடுப்பது, மாவை எவ்வளவு நேரம் ஊறவிடுவது, பையனை எப்போது வெங்காயம் நறுக்கச் சொல்வது எல்லாம் அவர் முடிவு. கல் அவர் கையில்.

சாலையின் இந்தப் பக்கம், ஏசி ஹாலில், சுழல் நாற்காலியில் நான். திரையின் மூலையில் ஒரு கடிகாரம். ஒரு போன் காலைச் சராசரியாக ஆறு நிமிடத்தில் முடிக்க வேண்டும். எதிர்முனையில் ஒரு பெரியவர் நிதானமாகப் பேசுகிறார். அவருக்குப் பொறுமையாகச் சொன்னால் புரிந்துவிடும் என்று எனக்குத் தெரிகிறது. கடிகாரம் ஐந்தரையில் சிவப்பாகிறது. என்ன சொல்ல வேண்டும் என்பது ஸ்கிரிப்டில் இருக்கிறது. மாற்றினால் மார்க் போகும். கத்துகிற வாடிக்கையாளரின் லைனை நான் துண்டிக்கக் கூடாது. ஒரு கால் முடிந்தால் சில நொடிகளில் அடுத்தது தானாக விழும். எழுந்து போக ‘ஆக்ஸ்’ என்ற பட்டனை அழுத்த வேண்டும். அழுத்திய ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் ஏறும். பாத்ரூம் போகக் கையைத் தூக்கிக் கேட்க வேண்டும்.

யாருக்குச் சுமை அதிகம்? அவருக்கு. யார் மாத்திரை போட்டுத் தூங்கினார்கள்? நான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979இல் இந்த வித்தியாசத்தைக் கோட்பாடாக்கினார். ஒரு வேலையை இரண்டு அளவுகோலால் அளக்க வேண்டும் என்றார். ஒன்று சுமை: வேலை நம்மிடம் எவ்வளவு கேட்கிறது. இன்னொன்றை நான் ‘பிடி’ என்று சொல்கிறேன்: எப்படி, எந்த வரிசையில், எந்த வேகத்தில் செய்வது என்பதில் நமக்கு எவ்வளவு முடிவுரிமை இருக்கிறது, நம் திறமையை எவ்வளவு பயன்படுத்த முடிகிறது. சுமையும் அதிகம், பிடியும் அதிகம் என்றால் களைப்பு வரும், ஆனால் கற்றுக்கொள்வோம், வளர்வோம். சுமை அதிகம், பிடி குறைவு என்றால் அங்கேதான் உடம்பு கெடுகிறது. மலைப்பாதை பஸ்ஸின் பின் சீட் அதுதான்.

இதை எலிகளிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் என்ற ஆய்வாளர் 1960களின் பிற்பகுதியிலும் 70களின் தொடக்கத்திலும் செய்த சோதனை. இரண்டு எலிகளின் வாலில் ஒரே கம்பியிலிருந்து லேசான மின்அதிர்ச்சி. ஓர் எலியின் முன்னால் ஒரு சக்கரம். அதைத் திருப்பினால் இரண்டு எலிக்குமே அதிர்ச்சி நிற்கும். இன்னோர் எலி என்ன செய்தாலும் பயனில்லை. வாங்கிய அடி இரண்டுக்கும் அளவு பிசகாமல் ஒன்றே. வயிற்றைத் திறந்து பார்த்தபோது, சக்கரம் இல்லாத எலிக்குப் புண் கூடுதலாக இருந்தது. அதிர்ச்சிக்கு முன்னால் ஒரு ‘பீப்’ சத்தம் கொடுத்து எச்சரித்தபோது புண் குறைந்தது. ஒரு பீப்! என் மேனேஜர் எழுதாமல் விட்ட அந்த ஐந்து சொல்லை நினைத்துக்கொள்கிறேன்.

மனிதர்களுக்கும் இது பொருந்துமா? ‘மேலே போகப்போகத்தான் டென்ஷன், அதனால்தான் பெரிய அதிகாரிகளுக்கு ஹார்ட் அட்டாக் வருகிறது’ என்று நாம் நம்புகிறோம். லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு இந்த நம்பிக்கையைக் கவிழ்த்தது. சுமார் 18,000 ஆண்களைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். கடைநிலை ஊழியர்களிடம், அதாவது கடிதம் கொண்டுபோகிறவர்கள், வாசல் காப்பவர்கள் போன்றோரிடம், இறப்பு விகிதம் உச்சியிலிருந்த அதிகாரிகளைப்போல் ஏறக்குறைய 3 மடங்கு. புகைபிடிப்பது போன்ற பழக்கங்கள் அந்த இடைவெளியில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. 1985இல் பெண்களையும் சேர்த்து 10,308 பேருடன் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. மைக்கேல் மார்மோட் தலைமையிலான அந்தக் குழு, வேலையில் பிடி குறைந்தவர்களுக்கு இதயநோய் கூடுவதைக் கண்டது.

ஒரு எச்சரிக்கை. ‘நீங்களே முதலாளி, உங்கள் நேரம் உங்கள் கையில்’ என்று சொல்லிவிட்டு, எந்த ஆர்டர், என்ன கூலி, எத்தனை நிமிடம் என்பதை ஆப் தீர்மானித்தால் அது பிடி கிடையாது. வண்டியில் உணவு கொண்டுவரும் தம்பி லிப்ட் வேலை செய்யாத நான்காவது மாடிக்கு மூச்சிரைக்க வந்து நிற்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். அவருக்குக் கொடுத்திருப்பது முதலாளி என்ற பெயர் மட்டும்.

துணையும் பலனும்

தலைச்சுமை தூக்கியவர்களுக்கு, தூக்கிவிட ஒரு கை வேண்டும் என்று தெரியும். கராசெக்கின் இரண்டு அளவுகோலோடு 1988இல் ஜெஃப்ரி ஜான்சனும் எலன் ஹாலும் மூன்றாவதாகச் சேர்த்தது துணை: இக்கட்டில் கேட்டால் உதவ சக ஊழியரோ மேலாளரோ இருக்கிறாரா? சுமை அதிகம், பிடி குறைவு, துணையும் இல்லை என்ற வேலைதான் எல்லாவற்றிலும் மோசம்.

ஜெர்மனியில் பணியாற்றிய சமூகவியலாளர் யோஹானஸ் சீக்ரிஸ்ட் 1996இல் இன்னொரு கோணம் கொடுத்தார். போட்ட உழைப்புக்கும் வரும் பலனுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வே உடம்பை வாட்டுகிறது என்றார். பலன் என்றால் சம்பளம் மட்டும் இல்லை. மரியாதையும் வேலை நிரந்தரமும் அதில் அடக்கம். பத்து வருடமாக ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை செய்யும் ஒருவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சுருக்கமாகக் கேட்டுப் பாருங்கள்: சுமை எவ்வளவு, பிடி எவ்வளவு, துணை உண்டா, உழைத்ததற்குத் தக்கது கிடைக்கிறதா? ‘ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு’ என்று ஒருவர் சொன்னால் இந்த நான்கில் எது குறைகிறது என்று தேடலாம்.

பர்ன்அவுட் என்றால்

சோம்பலாக இருக்கும் திங்கட்கிழமைக்கெல்லாம் இன்று ‘பர்ன்அவுட்’ என்று சொல்கிறோம். 1974இல் இந்தச் சொல்லை மருத்துவ எழுத்துக்குள் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் ஆர்வத்தோடு உழைக்க வந்தவர்கள் ஏறக்குறைய ஒரு வருடத்தில் அணைந்துபோவதைப் பார்த்து எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு வரையறை தந்தது: சமாளிக்கப்படாத நாள்பட்ட வேலையிட அழுத்தத்தின் விளைவு, நோய் என்ற பட்டியலில் சேராது. அடையாளம் மூன்று. சக்தி வற்றிப்போதல். வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்பு தட்டுதல். ‘நான் செய்வதில் ஒரு பயனும் இல்லை’ என்ற எண்ணம்.

இரண்டாவது அடையாளத்தைக் கவனிக்கச் சொல்வேன். என் டீமில் ஒரு பெண், வாடிக்கையாளர் அழுதால் தானும் கண் கலங்குகிறவள். ஒன்றரை வருடத்தில் மியூட் பட்டனை அழுத்திவிட்டு ‘நடிக்கிறா’ என்று சொல்லத் தொடங்கினாள். நாங்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்றோம். அவள் வற்றிக்கொண்டிருந்தாள் என்பதை நான் புரிந்துகொண்டபோது அவள் வேலையை விட்டுப் போயிருந்தாள்.

யோகா வகுப்பு ஏன் போதவில்லை

அழுத்தம் கூடிவிட்டது என்று நிர்வாகத்துக்குத் தெரிந்ததும் முதலில் வருவது யோகா வகுப்பு, அல்லது தியான ஆப், அல்லது ‘ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்’ என்று ஒரு மதியம். எங்களுக்கும் வந்தது. ஷிப்ட் முடிந்த பிறகு முக்கால் மணி நேரம். அதனால் வீட்டுக்குப் போகும் கேபைத் தவறவிட்டவர்கள் உண்டு.

யோகா நல்லது. நான் இன்றும் செய்கிறேன். ஆனால் பின் சீட்டில் இருப்பவருக்கு எலுமிச்சம்பழம் கொடுப்பதுபோல்தான் அது. ஸ்டியரிங் அதே இடத்தில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃப்ளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களின் விவரங்களை ஆராய்ந்து 2024இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தியானப் பயிற்சி, தாங்குதிறன் பயிற்சி, நல்வாழ்வு ஆப் போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நலமாக இருப்பதாகத் தெரியவில்லை. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: தன்னார்வத் தொண்டு செய்ய வாய்ப்பு கிடைத்தவர்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த பெரிய சோதனையிலும், நல்வாழ்வுத் திட்டத்தால் மருத்துவச் செலவோ விடுப்போ குறிப்பிடும்படி குறையவில்லை.

இந்த வகுப்புகள் சொல்லாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு, அதுதான் என்னை வருத்துகிறது: ‘வேலை சரியாகத்தான் இருக்கிறது, நீதான் பலவீனம்.’

வேலையைத் திருத்துவது எப்படி இருக்கும்

சென்னை தி.நகரில் தீபாவளி நேரத்தில் புடவைக் கடைக்குப் போயிருப்பீர்கள். காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டே புடவை விரிக்கும் பெண்களின் காலைக் கவனித்ததுண்டா? கணுக்கால் வீங்கியிருக்கும், ஒற்றைக் காலில் மாறி மாறி உடம்பைச் சாய்த்துக்கொள்வார்கள். கூட்டம் இல்லாத மதியத்திலும் உட்காரக் கூடாது என்பது எழுதாத சட்டமாக இருந்தது. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த்தெருக் கடைகளின் பெண்களைத் திரட்டி, முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு நாற்காலிக்காகவும் போராடியவர் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் விஜி. அங்கே 2018இல் சட்டம் மாறியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது: ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைத்தால் உட்கார வழி இருக்க வேண்டும்.

நம் ஊரில் ஊருக்கு வெளியே சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்ட மரபு உண்டு. கர்ப்பமாக இருந்து இறந்த பெண்களின் நினைவாக வைப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் இன்னொருவர் உதவியின்றி இறக்கி வைத்து, இளைப்பாறி, மறுபடி ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் குறுக்குக் கல் இருக்கும். வழிப்போக்கரைப் பார்த்து ‘தாங்கும் சக்தியை வளர்த்துக்கொள்’ என்று யாரும் சொல்லவில்லை. பாதையைத் திருத்தினார்கள். அந்த நாற்காலி எனக்கு அப்படித்தான் தெரிகிறது. ஆனால் நாற்காலி வந்த கடைகளிலும், உட்கார்ந்தவுடன் சூப்பர்வைசர் முறைத்தால் அது வெறும் மரச்சாமான்தான். உட்காரலாமா என்று தீர்மானிக்கும் உரிமையும் கூடவே வர வேண்டும்.

‘இதெல்லாம் செய்தால் வியாபாரம் படுத்துவிடும்’ என்று முதலாளிகள் அஞ்சுகிறார்கள். அமெரிக்காவில் கேப் (Gap) என்ற நிறுவனத்தின் துணிக்கடைகள் 28இல், சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளில், ஒரு சோதனை நடந்தது. முடிவுகள் 2018இல் வெளிவந்தன. சரவணன் கேசவன், ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட் ஆகியோர் முன்னின்று நடத்தினார்கள். செய்த மாற்றங்கள் சாதாரணமானவை: ஷிப்ட் தொடங்கும், முடியும் நேரங்களை வாரத்துக்கு வாரம் மாற்றாமல் நிலையாக வைப்பது, ஊழியர்கள் மேலாளரைக் கேட்காமலே தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஓர் ஆப் கொடுப்பது போன்றவை. மாற்றம் செய்த கடைகளில் விற்பனை 7 சதவீதம் கூடியது. அடுத்த வாரம் எந்த நேரத்தில் வேலை என்று தெரிந்தவருக்கு, அடுத்த வளைவு தெரிகிறது.

நேரத்தைப் பொறுத்தவரை சட்டம்தான் கடைசி அரண். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே தினத்தன்று முதலமைச்சர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பிரான்சில் 2017இலிருந்து, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு போனையும் மெயிலையும் பார்க்காமலிருக்கும் உரிமை குறித்து ஊழியர்களோடு பேச வேண்டும் என்று சட்டம் உள்ளது. இரவு 10:40 வாட்ஸ்அப்புக்கு நம்மிடம் இன்னும் அப்படி ஒன்றில்லை.

உங்கள் கையில் இருப்பது

சட்டமும் நிர்வாகமும் மாறும்வரை உட்கார்ந்திருக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. தூக்கத்தைக் காப்பாற்றுங்கள், தேய்மானத்தைச் சரிசெய்வது அந்த நேரத்தில்தான். ஆபீஸ் குரூப்பை இரவில் மியூட் செய்யுங்கள். நாளின் ஏதாவது ஒரு பகுதியிலாவது, டீக்கடையில் நிற்கும் பத்து நிமிடமாக இருந்தாலும், பிடி உங்கள் கையில் இருக்கட்டும். மேலாளரிடம் பேசும்போது ‘முடியல சார்’ என்பதைவிட ‘இந்த மூணு வேலைல எது முதல்ல வேணும்னு சொல்லுங்க சார்’ என்பது பலன் தரும். முதல் வாக்கியத்துக்கு அவரிடம் பதில் இருக்காது, இரண்டாவதற்கு இருக்கும்.

தூக்கமின்மையும் இருட்டும் இரண்டு வாரத்தைத் தாண்டினால், அல்லது வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும், அது இந்தக் கட்டுரையின் எல்லையைத் தாண்டிய விஷயம். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று நிமிடம்

டி.எல். ஆன இரண்டாவது வருடம் என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. டார்கெட்டை மாற்ற எனக்கு அதிகாரமில்லை, சம்பளத்தை மாற்ற வழியில்லை. ஆனால் ஆக்ஸ் நேரத்துக்கு விளக்கம் எழுதுவது என் வேலை. ஆபரேஷன்ஸ் மேனேஜரிடம் பலமுறை நடந்து ஒரு சலுகை வாங்கினேன்: வாடிக்கையாளர் கெட்ட வார்த்தையில் திட்டிய காலுக்குப் பிறகு, யாரையும் கேட்காமல் மூன்று நிமிடம் ஆக்ஸ் போடலாம். காரணம் கேட்க மாட்டேன்.

அறிவித்த அன்று மதியம், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமான ஒரு பெண் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுக் கையைத் தூக்கினாள். முகம் சிவந்திருந்தது.

“அக்கா, ரொம்பத் திட்டிட்டாருக்கா. போயிட்டு வரட்டுமா?”

“கேக்க வேணாம்டா. நீயே போடலாம்.”

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையை மெல்லக் கீழே இறக்கி, தானே பட்டனை அழுத்தினாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நடந்தாள்.